பன்னிரண்டு மணிக்குத் தொங்கிய பெட்டி

கம்பெனிக்கு நான் கொடுக்க வேண்டியிருந்தது ஆறு லட்சத்து நாற்பத்திரண்டாயிரத்து முன்னூற்று எண்பது ரூபாய். இதில் ஒரு ரூபாயைக்கூட நான் கையில் வாங்கிச் செலவழித்தது கிடையாது. கடலுக்கு அந்தப் பக்கம், நான் ஒரு நாளும் கால் வைக்காத ஒரு துறைமுகத்தில், ஒரு பெட்டி நிறையக் கண்ணாடி கீழே விழுந்து நொறுங்கியது. அதன் விலை அது. விழுந்தபோது பெட்டியைப் பிடித்திருந்தது என் கை. ஆகவே கடன் என் தலையில்.

தூத்துக்குடியில் இருந்துகொண்டு அந்தப் பக்கத்துப் பெட்டியை எப்படிப் பிடிப்பது என்று கேட்பீர்கள். உப்பளத்துக்கும் துறைமுகச் சாலைக்கும் நடுவில் எங்கள் செட்டு இருந்தது. தகரக் கூரை. உள்ளே வரிசை வரிசையாக நாற்காலி. உட்கார்ந்து, கண்ணுக்கு மூடி போட்டு, கையில் உறை மாட்டிக்கொண்டால், அங்கே நிற்கிற கிரேனின் கண் நம் கண், அதன் கை நம் கை. சரக்கின் கனத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கை உறை வழியாக நம் தோளுக்குத் திருப்பி அனுப்புவார்கள். கனம் தெரியாமல் யாரும் பாரம் தூக்க முடியாது, மனுஷனானாலும் சரி, மெஷினானாலும் சரி. அங்கே காற்று அடித்தால் இங்கே என் முழங்கை ஆடும்.

அந்தத் துறைமுகத்துக்கு வாயில் நுழையாத ஒரு பேர். நாங்கள் அக்கரை என்போம். அக்கரையில் கூலி அதிகம், எங்கள் கை மலிவு. அதற்காகத்தான் இத்தனை வித்தையும்.

கண்ணாடி விழுந்த அன்று நடந்தது இதுதான். பெட்டி பாதி வழியில் தொங்கும்போது என் கண் இருட்டிக்கொண்டது. சிக்னல் போய்விட்டது. சிக்னல் போனால் கிரேன் தானாகப் பிரேக் பிடித்துக்கொள்ளும் என்றுதான் எங்களுக்குச் சொல்லிக் கொடுத்திருந்தார்கள். பிடிக்கவில்லை. கம்பெனி விசாரித்து, 'கைப்பிழை' என்று ஒரே வார்த்தையில் முடித்தது. மாதா மாதம் கூலியில் பிடித்தம் போட்டார்கள். அந்தக் கணக்குப்படி ஒன்பது வருஷம் ஆகும் கடன் தீர. வலது தோளைப் பார்த்த டாக்டர், "இன்னும் ஒரு வருஷம் ஓட்டுனா பெருசு" என்றார்.

அவர் சொன்ன ஒரு வருஷத்துக்கும் கம்பெனி சொன்ன ஒன்பது வருஷத்துக்கும் நடுவில் ரெஜினா இருந்தாள். பக்கத்து நாற்காலிக்காரி. எனக்கு ஜாமீன் கையெழுத்துப் போட்டவள். நான் எழுந்து போனால் கடன் அப்படியே அவள் மேல் ஏறும். அவள் வீட்டுக்காரர் கப்பலுக்குப் போய்ப் பணம் அனுப்புவதை நிறுத்தி ரொம்ப நாள் ஆகிறது. பள்ளிக்கூடம் போகிற இரண்டு பிள்ளைகள். என் கடன் அந்த வீட்டுக்குள் நுழையக் கூடாது. தோள் கழன்று விழுந்தாலும் அதற்கு முன்னால் கடனைத் தீர்த்துவிட வேண்டும். எனக்கு வேறு ஆசை ஒன்றும் கிடையாது.

வேறு செட்டுக்கு ஓடிப்போகவும் வழி இல்லை. ஒவ்வொரு கைக்கும் ஒரு பிடி உண்டு, ஒரு நடுக்கம் உண்டு. மெஷின் அதைப் பழகி வைத்திருக்கும். அந்தப் பதிவு கம்பெனியிடம். கடன் உள்ள கையைக் கம்பெனி பூட்டி வைத்துவிடும். கம்பெனி திறந்துவிடாமல் உலகத்தில் எந்த நாற்காலியும் அந்தக் கையை ஏற்காது. எங்களில் முப்பது பேருக்குமேல் பூட்டுக்கைதான்.

காலையில் வாசலில் ராசையா அண்ணாச்சி நிற்பார். காவல் வேலை. அதைவிடப் பெரிய வேலை, கையை மோந்து பார்ப்பது. மீன் எண்ணெய் பட்டால் உறைக்குள் இருக்கிற மெல்லிசுக் கம்பி கெட்டுப்போகும் என்று கம்பெனி உத்தரவு.

"கையக் காட்டும்மா."

காட்டினேன். கண்ணை மூடி இழுத்து மோந்தார்.

"சாளையா?"

"நேத்து வச்ச குழம்பு அண்ணாச்சி. ரெண்டு வாட்டி சோப்பு போட்டாச்சு."

"ரெண்டு வாட்டி போட்டும் எனக்குப் பசிக்கில்லா. போ, எலுமிச்சந்தோலு கெடக்கு, தேய்ச்சிட்டு வா. அங்கன வெள்ளக்காரன் சரக்கெல்லாம் சாளை மணந்துட்டுன்னா கப்பல் பின்னாடியே பூனை நீந்தி வரும்."

ரெஜினா பின்னால் இருந்து, "அண்ணாச்சி மூக்க வெட்டி எடுத்து வாசல்ல தொங்க விட்டாப் போதும், ஆளுக்குச் சம்பளம் மிச்சம்" என்பாள். அவர் சிரிப்பார். வெற்றிலைக் கறைப் பல்.

சண்டை எங்கேயோதான் ஆரம்பித்தது. அக்கரை ஒரு கூட்டணியில் இருந்தது. அதற்கு எதிரில் வடக்கு ஒன்றியம். இரண்டுக்கும் நடுவில் ஒரு மலைநாடு, அதில் ஏதோ ஒரு தாது. எங்களுக்குத் தெரிந்ததெல்லாம் பெட்டி மாறியதுதான். முன்பு காகிதம், மாவு, ஓடு. இப்போது பச்சைப் பெட்டி. காகிதப் பெட்டி தூக்கும்போது லேசாக அசைந்து கொடுக்கும். பச்சைப் பெட்டி அசையாது. குண்டு அப்படித்தான் அடுக்கியிருப்பார்கள். யாரும் எங்களுக்குச் சொல்லவில்லை. ஒரே நாளில் எல்லாத் தோளுக்கும் தெரிந்துவிட்டது. மேற்பார்வை ஐசக் சாரிடம் கேட்டோம்.

"பொதுச் சரக்கு" என்றார்.

"பொதுச் சரக்குக்கு எதுக்கு சார் ரெட்டைக் கூலி?"

"வேண்டாம்னா ஒத்தக் கூலி வாங்கிக்கிடுங்க. நான் என்ன, கட்டாயப்படுத்துதனா?"

நம் நாடு நடுநிலை. தொலைக்காட்சியில் தினமும் சொன்னார்கள். சரக்கு ஏற்றுவது கூலி வேலை, அதில் கட்சி கிடையாது என்று மந்திரி சொன்னார். நாகப்பட்டினத்தில் இதே மாதிரி ஒரு செட்டு வடக்கு ஒன்றியத்துக்கும் பெட்டி ஏற்றிக்கொண்டிருந்தது. இரண்டு பக்கமும் தூக்கிக் கொடுத்து இரண்டு பக்கமும் காசு வாங்கினோம். நடுநிலை என்றால் அதுதான் என்று எல்லாரும் நிம்மதியாக இருந்தார்கள். நானும்தான். பிடித்தம் போக மிச்சத்தையும் கடனுக்கே கட்டினேன்.

பிறகு கூட்டணியின் கை ஓங்கியது. ஒன்றியம் நாகப்பட்டினச் செட்டை விட்டு விலகிக்கொண்டு, நம்மைப் பார்த்து விரலை நீட்டியது. அன்று மதியம் சோற்று வேளையில் ரெஜினா டிபன் பாக்ஸைத் திறக்காமல் உட்கார்ந்திருந்தாள்.

"என்னளா, வயிறு சரியில்லையா?"

"நாம ஏத்துத குண்டை நம்ம நாடு ஏத்துன குண்டுன்னு சொல்லுதானுவ."

"கிரேன் அவன் ஊருல. கப்பல் அவன் கப்பல். குண்டு அவன் குண்டு. நமக்கு என்ன வந்துச்சு?"

"கை நம்ம ஊருல இருக்குல்லா."

எனக்கு அப்போதுதான் புரிந்தது. சில வருஷத்துக்கு முன் எங்கள் செட்டில் ஜெபஸ்தியான் என்று ஒருவர் நாற்காலியிலேயே நெஞ்சு அடைத்துச் செத்துப்போனார். அவர் பெண்சாதி நஷ்டஈடு கேட்டாள். வேலை இந்தியாவில் நடந்தது என்றது அக்கரை. அக்கரையில் நடந்தது என்றது நம் அதிகாரி. அந்த அம்மாள் இரண்டுக்கும் நடுவில் அலைந்தாள். ரெஜினாதான் சங்கத்தைக் கூட்டி, மழைக்காலம் பூராவும் கலெக்டர் ஆபீஸ் வாசலில் உட்கார்ந்து, சட்டம் வாங்கினாள். கை எந்த மண்ணில் இருக்கிறதோ, வேலை அந்த மண்ணில் நடந்ததாகக் கொள்ள வேண்டும். கைமண் சட்டம் என்று ஊரில் பேர். அதனால்தான் எங்களுக்கு வைப்புநிதி, லீவு, ஆஸ்பத்திரிச் சீட்டு. நம்மைப் பார்த்துப் பல நாடுகள் அதே மாதிரிச் சட்டம் போட்டன. ஒன்றியமும் போட்டது.

"நாம கேட்டு வாங்குனதுதானே கனி" என்றாள் ரெஜினா. "மால வேற போட்டாவ எனக்கு. குண்டு ஏத்துத வேலை இந்த மண்ணுலதான் நடக்குதுன்னு நானே கத்திக் கத்தி ஒத்துக்கிட வச்சிட்டேன்."

"நீ நஷ்டஈட்டுக்குக் கேட்ட. சண்டைக்கா கேட்ட?"

"சட்டத்துல அப்படியெல்லாம் எழுதலையே."

டிபன் பாக்ஸைத் திறந்து அவள் முன்னால் தள்ளினேன். தின்றாள். தின்றுகொண்டே அழுதாள். பார்க்கச் சகிக்கவில்லை. "அழுதா உறை கெட்டுப்போகும், அண்ணாச்சி கண்ணையும் மோந்து பாப்பாரு" என்றேன்.

அரசாங்கம் கடைசியில் உத்தரவு போட்டது. சண்டைச் சரக்கிலிருந்து எல்லாக் கையும் விலக வேண்டும். முதலில் ஒரு தேதி சொன்னார்கள். தள்ளிப் போட்டார்கள். மறுபடியும் தள்ளிப் போட்டார்கள். காசு வந்துகொண்டிருந்தது, என்ன செய்வது. ஒன்றியம் கெடு வைத்த பிறகு ஒரு வெள்ளிக்கிழமையைச் சொன்னார்கள். நம் நேரம் பகல் பன்னிரண்டு மணி. அதற்குமேல் ஒரு கையும் அசையக் கூடாது. அசைந்தால் நாடு சண்டையில் இறங்கியதாகவே எடுத்துக்கொள்வோம் என்று ஒன்றியம் பகிரங்கமாகச் சொல்லிவிட்டது. நம் அரசாங்கமும் ஒப்புக்கொண்டது. பன்னிரண்டு மணிதானே, எடுத்துவிட்டால் போச்சு.

வெள்ளிக்கிழமை காலையில் ஐசக் சார் பூட்டுக்கைக்காரர்களை மட்டும் தனியாகக் கூப்பிட்டார்.

"கடைசிக் கப்பல். பன்னெண்டுக்குள்ள ரொப்பிட்டா, கம்பெனி உங்க கடன் பூராத்தையும் தள்ளுபடி பண்ணுது. மேலிடத்து வாக்கு."

"எழுத்துல குடுப்பேளா?"

"எழுதிக் குடுக்க நேரமிருந்தா நான் ஏம்மா உங்கள ஓட ஓடக் கூப்பிடுதேன்?"

உட்கார்ந்தோம். ஒரு மாட்டைப் போல வேலை செய்தேன். அக்கரையில் அப்போது காலை நேரம். கடலிலிருந்து காற்று. கப்பலின் கிடங்குக்குள் நாலு பேர் நின்று, நாங்கள் இறக்குகிற பெட்டியை வாங்கி வரிசைப்படுத்துவார்கள். மேலே கிடங்கு வாயில் விளிம்பில் மஞ்சள் தொப்பி நிற்பார். என் கிரேனுக்குச் சைகை காட்டுகிறவர். மூன்று வருஷமாக அந்தத் தொப்பியை உச்சியிலிருந்து பார்க்கிறேன். பேர் தெரியாது, பாஷை தெரியாது. உள்ளங்கையைக் கீழே காட்டி மெல்ல அமுக்கினால் 'பைய இறக்கு' என்று அர்த்தம். கண்ணாடி விழுந்த அன்று நெஞ்சில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். நாலு அடி தள்ளி நின்றதால் பிழைத்தவர்.

கடைசி வரிசை வரும்போது என் தோள் பிடித்துக்கொண்டது. உறையைக் கழற்றி உதறிவிட்டு மாட்டினேன். அந்தக் கொஞ்ச நேரம்தான் நான் பிந்தியது. மற்றவர்கள் எல்லாரும் இறக்கி முடித்துவிட்டார்கள். என் பெட்டி கரையை விட்டுக் கிளம்பி, கப்பல் விளிம்பைத் தாண்டி, கிடங்குக்கு நேர் மேலே வந்தது. சங்கு ஊதியது.

"கையை எடு! எல்லாரும் கையை எடு!" ஐசக் சார் கத்தினார். நூறு உறை கழலுகிற சத்தம் கேட்டது.

துறைமுகத்தில் மூட்டை தூக்கிய காலத்திலிருந்து கேங்குக்காரர்களிடம் ஒரு முறை உண்டு. சங்கு ஊதினாலும் சரி, சோற்று மணி அடித்தாலும் சரி, சாவுச் செய்தி வந்தாலும் சரி, தொங்குகிற சரக்கை விட்டுக் கை எடுக்கக் கூடாது. இறக்கி வைத்துவிட்டுத்தான் மறு வேலை. உப்பளத்திலிருந்து இந்த வேலைக்கு வந்த எங்களுக்கு முதல் நாளே அதைத்தான் சொன்னார்கள். நாற்காலி வந்த பிறகும் மாறவில்லை.

"கனி! எடும்மா கையை! பிரேக் பிடிச்சிக்கிடும்!"

பிரேக் பிடித்துக்கொள்ளும் என்று இதே வாய்தான் முன்பும் சொன்னது. காற்றில் பெட்டி ஆடுவது முழங்கையில் தெரிந்தது. கீழே நாலு பேர். ஏணி ஒன்றுதான், அதுவும் அந்தக் கோடியில். மஞ்சள் தொப்பி உள்ளங்கையைக் கீழே காட்டினார். அமுக்கினார்.

இறக்கினேன். பைய. பெட்டி தரையைத் தொடுகிற நேரத்தில் தோளிலிருந்து கனம் நீங்கும், அந்தச் சுகம் அன்றும் இருந்தது. கொக்கியைக் கழற்றினேன். கையை எடுத்தேன். கண் மூடியை நீக்கிப் பார்த்தால் செட்டே என்னைச் சுற்றி நின்றது. சுவர்க் கடிகாரம் பன்னிரண்டைத் தாண்டியிருந்தது. ஒரு நிமிஷம்கூட முழுசாக ஆகியிருக்காது.

ரெஜினா என் கையைப் பிடித்தாள்.

"என்னளா செஞ்ச?"

"இறக்கி வச்சேன்" என்றேன்.

அன்று சாயங்காலமே வானத்திலிருந்து எடுத்த படத்தை ஒன்றியம் உலகத்துக்குக் காட்டியது. பன்னிரண்டுக்கு மேல் ஒரு கிரேன் மட்டும் அசைகிறது. வட்டம் போட்டுக் காட்டினார்கள். என் கிரேன்.

கம்பெனியும் ஒரு கணக்குப் பார்த்தது. கப்பல் நிறைந்தது உண்மை, ஆனால் கடைசிப் பெட்டி பன்னிரண்டுக்கு மேல் இறங்கியதால் அது கணக்கில் சேராது, கப்பல் குறித்த நேரத்துக்குள் நிறையவில்லை, தள்ளுபடி கிடையாது. சண்டைக்கு அந்தப் பெட்டி கணக்கில் சேர்ந்தது, கடனுக்குச் சேரவில்லை. பூட்டுக்கைக்காரர்கள் எல்லாரும் என்னைத் திட்டியிருக்கலாம். இரண்டு பேர்தான் திட்டினார்கள்.

சனிக்கிழமை காலையில் வெளியுறவு இலாகாவிலிருந்து ஓர் அம்மாள் வந்தார். மாதங்கி என்று பேர். சென்னைக்காரர். முப்பத்தைந்து வயது இருக்கும், இரண்டு நாள் தூங்காத கண். கூட வந்தவர்களை வெளியே போகச் சொல்லிவிட்டு, எனக்கும் ஒரு டீ வாங்கிவரச் சொன்னார்.

"கனியம்மா, ஒரு விஷயம் மட்டும் சொல்லுங்க. பெட்டியத் திருப்பிக் கரைக்கே கொண்டு போயிருக்க முடியாதா?"

"காத்து எதிர்க்காத்து மேடம். திரும்புனா அவிய தலைக்கு மேலயே ஆடும்."

"எங்க ஆளும் அதான் சொன்னார். சரி. கம்பெனி செய்யச் சொல்லுச்சா?"

"ஐசக் சார் தொண்ட கிழியக் கத்துனாரு, எடு எடுன்னு."

"அப்ப நீங்களா செஞ்சீங்க."

"நானாத்தான்."

அவர் டீயைக் குடிக்காமல் கையில் வைத்துக்கொண்டிருந்தார். "நான் மறைக்காம சொல்றேன். அரசாங்கம் சொல்லியும் கேக்காம ஒரு தனி ஆள் செஞ்ச குத்தம்னு சொன்னா, நாடு வெளிய நிக்கலாம். அந்த ஆளைத் தண்டிச்சோம்னு காட்டணும். நீங்க கேமரா முன்னாடி சொல்லணும். ஆறு மாசம் உள்ள இருக்க வேண்டி வரும்."

"சோறு போடுவாவல்லா?"

அவருக்குச் சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டார். "போடுவாங்க."

"தோளுக்கும் ஓய்வு. சொல்லுதேன் மேடம். உள்ளதைத்தானே சொல்லப்போறேன், இதுல என்ன கஷ்டம். ஒண்ணே ஒண்ணு. நான் உள்ள போனா என் கடன் ரெஜினா மேல ஏறும். அதை நிப்பாட்டணும்."

"கம்பெனி கடனை நிறுத்த எனக்கு அதிகாரம் இல்ல."

"இருக்கிறவங்ககிட்டச் சொல்லுங்க."

"எழுதிக் கேக்கறேன். கண்டிப்பா கேக்கறேன்."

அந்த முகத்தைப் பார்த்தால் கேட்பார் என்று தெரிந்தது. கேமரா முன்னால் உட்கார்ந்தேன். என் பேர் சுயம்புக்கனி, கையை எடுக்கச் சொன்னார்கள், நான் எடுக்கவில்லை, கீழே ஆள் இருந்தது, இறக்கி வைத்தேன், மறுபடியும் அந்த இடத்தில் இருந்தால் மறுபடியும் இறக்கித்தான் வைப்பேன் என்றேன். கடைசி வாக்கியத்தை வெட்டிவிடலாமா என்று அங்கே ஒருவர் கேட்டார். மாதங்கி மேடம் வேண்டாம் என்றார். ஞாயிறு மதியத்துக்குமேல் ஸ்டேஷனுக்குப் போய்ச் சரணடைய வேண்டும் என்று பேச்சு.

ஒன்றியத்தின் பதில் ராத்திரியே வந்துவிட்டது. தனி ஆளாவது ஒன்றாவது, கை அந்த மண்ணில் இருக்கிறது, வேலை அந்த மண்ணில் நடந்தது, அது அந்த நாட்டின் சட்டத்திலேயே எழுதியிருக்கிறது என்றார்கள். ரெஜினா சங்கத்துக்காக வாங்கிய வாசகத்தை, ஒரு கால்புள்ளிகூடத் தவறாமல் படித்துக் காட்டினார்களாம்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் ரெஜினா பூசைக்குப் போயிருந்தாள். நான் பையில் இரண்டு சேலை மடித்து வைத்துக்கொண்டிருந்தேன். இடி மாதிரிச் சத்தம். ஜன்னல் கண்ணாடி வீட்டுக்குள் வந்து விழுந்தது. தெருவே துறைமுகச் சாலைக்கு ஓடியது. செட்டுக்குப் பக்கத்தில் நின்ற சிக்னல் கோபுரம் இல்லை. செட்டின் கூரை உப்பளத்தில் கிடந்தது. ஞாயிறு ஆள் இருக்காது என்று பார்த்து, கோபுரத்தை மட்டும் குறி வைத்து, மனித உயிருக்குச் சேதம் இல்லாமல் எச்சரிக்கை செய்திருக்கிறோம் என்று ஒன்றியம் அறிக்கை விட்டது. காவலுக்கு ஞாயிறு லீவு கிடையாது என்று அவர்களுக்குத் தெரியவில்லை.

ராசையா அண்ணாச்சியை உப்புப் பாத்திக்குள்ளிருந்து எடுத்தார்கள். ரெஜினா பூசை முக்காட்டைக் கழற்றி அவர் முகத்தில் போட்டாள்.

அதற்குப் பிறகு எல்லாம் வேகம். மறுநாள் அவர் போட்டோ சென்னையில் சுவர் சுவராக ஒட்டியிருந்தது. அதற்கு மறுநாள் டெல்லியில். அவர் பேரைச் சரியாக உச்சரிக்கத் தெரியாதவர்கள் அவர் பேரைச் சொல்லிக் கத்திக்கொண்டு ஊர்வலம் போனார்கள். அவர் தெருவில் இரண்டு நாய் சண்டை போட்டாலே தண்ணீரை ஊற்றிப் பிரித்துவிடுகிற மனுஷன். யாரிடம் போய்ச் சொல்வது. அந்த வாரத்திலேயே நம் நாடு கூட்டணியோடு சேர்ந்துவிட்டது. மந்திரி கைகட்டி நின்று, நம் மண்ணில் கை வைத்துவிட்டார்கள் என்றார்.

என்னைச் சிறைக்குக் கூப்பிடவில்லை. குற்றத்துக்குச் சாட்சியாக நான் பேசின அதே படத்தை இப்போது வேறு பாட்டு வைத்துப் போட்டார்கள். அபாயத்திலும் தோழர்களைக் கைவிடாத தமிழச்சி. வெட்டச் சொன்னார்களே, அந்தக் கடைசி வாக்கியத்தைத்தான் இரண்டு தடவை போட்டார்கள். மஞ்சள் தொப்பியையும் தேடிப் பிடித்து உட்கார வைத்திருந்தார்கள். தொப்பி இல்லாமல் எனக்கு அடையாளம் தெரியவில்லை, வழுக்கைத் தலை. ஏதோ சொன்னார். பிறகு உள்ளங்கையைக் கீழே காட்டி அமுக்கினார். அது மட்டும் எனக்குப் புரிந்தது.

கடைக்காரன் என்னிடம் காசு வாங்க மறுத்தான். பஸ்ஸில் எழுந்து இடம் கொடுத்தார்கள். கம்பெனி மட்டும் வழக்கம்போல ஒன்றாம் தேதி பிடித்தத்துக்கு ஆள் அனுப்பியது.

மழை தொடங்கிய சமயம், துறைமுகத்துக்குள் பழைய சரக்குக் கொட்டகையில் புதுச் செட்டு தயாராகிவிட்டது. சுற்றிலும் மணல் மூட்டை, வாசலில் துப்பாக்கிக்காரர்கள். கையை யாரும் மோந்து பார்க்கவில்லை. வரச் சொல்லி ஆள் வந்தது. ரெஜினா துணைக்கு வந்தாள், அவளை வெளியிலேயே நிறுத்திவிட்டார்கள். உள்ளே ஐசக் சார் காக்கிச் சட்டையில், பட்டன் சரியாகப் போடாமல் நின்றார்.

"என்ன சார், கல்யாண மாப்பிள்ளை மாதிரி" என்றேன்.

"சும்மா இரும்மா" என்றார். கண்ணைப் பார்க்கவில்லை.

மேஜைக்குப் பின்னால் மாதங்கி மேடம். எழுந்து வந்து பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தார்.

"நீங்க கேட்டதை எழுதிக் கேக்கறேன்னு சொன்னேன் இல்ல, கனியம்மா. பதில் வந்திருக்கு."

"ரெஜினாவுக்கு?"

"ஜாமீன் ரத்து. இனி அவங்களை யாரும் ஒண்ணும் கேக்க முடியாது. அவங்க கை பூட்டு இல்லாத கை, அதனால இங்கயும் கூப்பிட முடியாது. வேற வேலைக்குப் போகலாம். வீட்டுல இருக்கலாம்."

எனக்குத் தோளிலிருந்து பெட்டி இறங்கின மாதிரி இருந்தது.

"கடன்?"

"முழுசாத் தள்ளுபடி. வட்டியோட. படையில இருக்கிறவங்க மேல தனியார் கடன் நிக்கக் கூடாதுன்னு சட்டம் இருக்கு."

"படையிலயா? யாரு?"

"பூட்டுக்கை எல்லாத்தையும் கம்பெனி அரசாங்கத்துக்கு எழுதிக் குடுத்துடுச்சு. உங்க கைப் பதிவு இப்ப எங்ககிட்ட. சண்டை முடியற வரைக்கும். நான் கேட்டது இது இல்ல. கேட்டதுக்குக் கிடைச்சது இது."

"அதே கிரேனா?"

"அதே கிரேன். அதே கப்பல்."

"என் தோளு..."

"டாக்டர் வெச்சிருக்காங்க. ஊசி போடுவாங்க."

கோபம் வரும் என்று பார்த்தேன். அவர் மேல் வரவில்லை. அந்த அம்மாள் சொன்ன சொல்லைக் காப்பாற்றியவர். ஐசக் சார் தூரத்தில் நின்று பட்டனைத் திருகிக்கொண்டிருந்தார். உள்ளே வரிசையாக நாற்காலி, எல்லாவற்றிலும் தெரிந்த முகங்கள், ஒன்று மட்டும் காலி.

"வெளிய ஒரு ஆள் நிக்கா. ஒரு வார்த்தை சொல்லிட்டு வாரேன்" என்றேன்.

மணல் மூட்டைக்கு அந்தப் பக்கம் ரெஜினா குடை பிடித்துக்கொண்டு நின்றாள். சேலை முழங்கால் வரை நனைந்திருந்தது. என்னைப் பார்த்ததும் கம்பிவேலிப் பக்கம் ஓடி வந்தாள்.

"என்னளா சொல்லுதாவ? எவ்வளவு மிச்சமாம்?"

"ஒண்ணும் இல்ல."

"வெளையாடாத கனி."

"மாதா மேல சத்தியமா. ஒத்த ரூவா இல்ல. எல்லாம் தீந்துட்டு. ஒன் கையெழுத்தும் போச்சு."

அவள் குடையைக் கீழே போட்டுவிட்டாள். மழையில் நின்றுகொண்டே சிரித்தாள். ஜெபஸ்தியான் பெண்சாதிக்குப் பணம் வாங்கிக் கொடுத்த நாளில் சிரித்த அதே சிரிப்பு. "அப்ப வா, போவோம். பஜார்ல பரோட்டா வாங்கித் தாரேன். வா."

"நீ போ ரெஜினா" என்றேன். "கடன்தான் தீந்துட்டே. பிள்ளைங்க பள்ளிக்கூடம் விட்டு வந்துரும், நீ போ."